நடுக்கம் இரண்டு, மூலம் ஒன்று

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சென்ற ஆண்டுப் பேச்சுப் போட்டியில் என் பெயர் அழைக்கப்பட்டதும் எனக்கு என்ன நேர்ந்தது என்பது முன்வரிசையில் அமர்ந்திருந்த உங்களில் பலருக்குத் தெரியும். கையிலிருந்த தாள் படபடவென்று அடித்தது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு துடித்த வேகத்தில் முதல் வரியே மறந்து போயிற்று. "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

அதே ஆண்டில் எங்கள் வீட்டில் இன்னொரு நடுக்கமும் இருந்தது. என் தாயைப் பெற்ற அம்மாச்சி சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உராய்ந்து கொண்டே இருக்கும். கையில் ஜெபமாலை இல்லாத நேரத்திலும் மணி உருட்டுவது போலவே இருக்கும். அம்மாச்சி மனத்துக்குள் ஜெபம் சொல்கிறார்கள் என்றே வெகுநாள் நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்த இரு நடுக்கங்களைப் பற்றியும் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். "ஒன்று அட்ரினலின் மிகுந்ததால் வருவது. மற்றது டோபமைன் குறைந்ததால் வருவதாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் உடல் ஒரே பொருளிலிருந்துதான் செய்கிறது. நன்றாகப் படித்து ஆண்டு மலருக்கு எழுது" என்றார்கள். அவ்வாறு படித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

சிறுநீரகத்தின் மேல் இரு தொப்பிகள்

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளுக்குக் கீழே இரு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு தொப்பி வைத்தது போல் ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. இதுவே அட்ரினல் சுரப்பி. இது நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்று. இதன் எடை ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம்தான். இலத்தீன் மொழியில் 'ரென்' என்றால் சிறுநீரகம். 'அட்' என்றால் அருகில். அமெரிக்காவில் அட்ரினலினை 'எபிநெஃப்ரின்' என்பார்கள். அது கிரேக்கச் சொற்களால் ஆனது. அதற்கும் 'சிறுநீரகத்தின் மேல் உள்ளது' என்பதே பொருள்.

இச்சுரப்பியை இரண்டாக வெட்டிப் பார்த்தால் வெளிப்பகுதி, உட்பகுதி என இரு பகுதிகளைக் காணலாம். வெளிப்பகுதி கார்ட்டிசால் முதலியவற்றைச் சுரக்கிறது. உட்பகுதியே அட்ரினலின் செய்யும் இடம். மனிதரில் இந்த உட்பகுதி சுரப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அட்ரினலின். எஞ்சியது அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலின்.

1894-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் ஆலிவரும் பேராசிரியர் எட்வர்ட் ஷேஃபரும் இச்சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் சட்டென்று உயர்வதைக் கண்டனர். அந்தச் சாற்றில் இருந்து அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியர்களான ஜோகிச்சி தகமீனேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவெனகாவும் ஆவர். இச்செய்தி 1901-இல் வெளியாயிற்று. முதன்முதலில் தூய நிலையில் பிரிக்கப்பட்ட ஹார்மோன் இதுவே.

அச்சத்தின்போது நடப்பது என்ன?

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. படை ஏன் நடுங்குகிறது?

வழியில் ஒரு பாம்பைக் கண்டதும் கண் அச்செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்புகள் மூலம் அட்ரினல் சுரப்பிக்குக் கட்டளை போகிறது. செய்து தயாராகச் சேமித்து வைத்திருந்த அட்ரினலின் உடனே இரத்தத்தில் கொட்டப்படுகிறது. அது செல்லும் இடமெல்லாம் வேலைகள் மாறுகின்றன.

இருதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது. மூச்சுக் குழல்கள் விரிந்து பிராணவாயு மிகுதியாக உள்ளே வருகிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. கண்ணின் பாவை விரிகிறது. குடலுக்கும் தோலுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து கால் கைத் தசைகளுக்குச் செல்வது கூடுகிறது. முகம் வெளுப்பதும், வயிற்றில் ஏதோ செய்வதும் இதனால்தான். அதே சமயம் நரம்புகளின் கட்டளையால் வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. முறுக்கேறிய தசைகளோ நடுங்குகின்றன.

இவை யாவும் நமக்குக் கெடுதல் செய்ய அல்ல; ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்யவே. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேனன் இதை ஆராய்ந்தவர். நாய் குரைப்பதைக் கேட்டு அஞ்சிய பூனையின் இரத்தத்தில் அட்ரினல் சுரப்பியின் சுரப்பு இருப்பதை அவர் 1911-இல் கண்டறிந்தார். 'எதிர்த்து நில் அல்லது ஓடிப் போ' என்னும் கருத்தை உலகுக்குத் தந்தவர் அவரே.

மேடை என்பது பாம்பு அன்று. ஆனால் என் உடலுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. நூறு மீட்டர் ஓடுவதற்கு வேண்டிய ஆயத்தங்களை எல்லாம் அது செய்து வைத்தது. நானோ ஒலிபெருக்கியின் முன் அசையாமல் நின்றேன்! ஓடாத கால்கள் நடுங்கின.

இரத்தத்தில் கலந்த அட்ரினலினில் பாதி இரண்டு மூன்று நிமிடங்களிலேயே மறைந்துவிடும். கல்லீரல் முதலிய இடங்களில் உள்ள நொதிகள் அதைச் சிதைத்து, கழிவைச் சிறுநீரில் அனுப்பிவிடும். நான் சற்று நேரம் பொறுத்து, மெல்ல மூச்சு விட்டு நின்றிருந்தால் நடுக்கம் குறைந்திருக்கும். அது தெரியாமல் இறங்கிவிட்டேன்.

இதே அட்ரினலின் உயிர் காக்கும் மருந்தும் ஆகும். குளவி கொட்டியதாலோ, உடலுக்கு ஒவ்வாத மருந்தாலோ மூச்சுக் குழல் அடைத்து இரத்த அழுத்தம் வீழ்ந்தால், மருத்துவர் முதலில் தொடைத் தசையில் போடும் ஊசி அட்ரினலின்தான்.

பருப்பிலிருந்து அட்ரினலின் வரை

இந்த அட்ரினலினை உடல் எதிலிருந்து செய்கிறது? நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதத்திலிருந்துதான். புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று டைரோசின். 1846-இல் ஜெர்மானிய விஞ்ஞானி லீபிக் இதைப் பாலாடைக் கட்டியின் புரதத்திலிருந்து கண்டறிந்தார். 'டைரோஸ்' என்றால் கிரேக்க மொழியில் பாலாடைக் கட்டி. ஃபினைல்அலனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்திலிருந்தும் நம் கல்லீரல் டைரோசினைச் செய்துகொள்ளும்.

இனி நான்கு படிகள் உள்ளன. தேர்வுக்காக அன்று, புரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

1. டைரோசின் 'டோப்பா' ஆகிறது. இந்தப் படியின் நொதிக்கு இரும்பும் பிராணவாயுவும் வேண்டும். நான்கிலும் மெதுவான படி இதுவே; ஆகவே மொத்த உற்பத்தியின் அளவை இதுவே நிர்ணயிக்கிறது.

2. டோப்பா 'டோபமைன்' ஆகிறது. இதற்கு வைட்டமின் பி6 துணை செய்கிறது.

3. டோபமைன் 'நார்அட்ரினலின்' ஆகிறது. இதற்குத் தாமிரமும் வைட்டமின் சி-யும் வேண்டும்.

4. நார்அட்ரினலின் 'அட்ரினலின்' ஆகிறது. இந்தப் படியின் நொதி நன்றாக உருவாக வேண்டுமானால் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்ட்டிசால் வர வேண்டும். வெளிப்பகுதியும் உட்பகுதியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் பயன் இப்போது விளங்குகிறது அல்லவா?

எல்லா உயிரணுக்களும் நான்கு படிகளையும் ஏறுவதில்லை. ஓர் எளிய உவமை சொல்கிறேன். ஒரு வீட்டில் மாவை இட்லியாக வார்த்ததும் சமையல் முடிந்தது. அடுத்த வீட்டிலோ அந்த இட்லியை உதிர்த்துத் தாளித்து இட்லி உப்புமா செய்கிறார்கள். இட்லி முதல் வீட்டில் உணவு; இரண்டாம் வீட்டில் உப்புமாவின் மூலப்பொருள். அதுபோல, அட்ரினல் சுரப்பியில் டோபமைன் வழியில் வரும் ஒரு படி மட்டுமே. ஆனால் மூளையின் சில நரம்பணுக்களில் அடுத்த நொதி இல்லை. அங்கே டோபமைனோடு வேலை முடிகிறது; டோபமைனே அங்கு தூதர்.

டோபமைன் என்னும் தூதர்

டோபமைனை 1910-இல் இலண்டனில் பார்ஜர், யூவன்ஸ் என்னும் இருவர் ஆய்வுக்கூடத்தில் செய்தனர். ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் அதை ஒரு வழிப்போக்கராகவே எல்லாரும் எண்ணினர். 1957-இல் இங்கிலாந்தில் கேத்லீன் மாண்டகு என்ற பெண் விஞ்ஞானி மூளையில் டோபமைன் இருப்பதை எடுத்துக்காட்டினார்.

மூளையில் டோபமைன் செய்யும் முக்கியமான வேலைகள் இரண்டு. ஒன்று, நாம் விரும்பிச் செய்யும் அசைவுகளைத் தொடங்கி வைப்பது. நடுமூளையில் கருமையாகத் தோன்றும் ஒரு சிறு பகுதி உண்டு. 'கரும்பொருள்' என்று பொருள்படும் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்பது அதன் பெயர். அங்குள்ள சில லட்சம் நரம்பணுக்கள் 'ஸ்ட்ரையேட்டம்' என்னும் ஆழ்ந்த பகுதிக்கு டோபமைனை அனுப்புகின்றன. நீங்கள் பேனாவை எடுக்க நினைத்ததும் கை நழுவாமல், தயங்காமல் போவது அவற்றின் உதவியால்தான்.

மற்றொன்று, ஆவலைத் தூண்டுவது. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமைன் அணுக்கள் துடிப்புடன் இயங்கின. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், விளக்கு எரிந்த உடனேயே அவை இயங்கின. சாறு வந்தபோது இயங்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அவை அடங்கிப் போயின. மதிய உணவு மணி அடித்ததும் நம் முகங்கள் மலர்வதை எண்ணிப் பாருங்கள்! இன்னும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. ஆகவே டோபமைனை இன்பம் தரும் பொருள் என்று மட்டும் சொல்வது போதாது. 'எழுந்து போ, கிடைக்கும்' என்று நம்மை எழுப்பும் தூதர் எனலாம்.

முயல்கள் எழுந்த கதை

நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது சர்ப்பகந்தா வேர். இதிலிருந்து 1952-இல் 'ரெசர்பின்' என்னும் பொருளைச் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்து, இரத்தக் கொதிப்புக்கு மருந்தாக்கினர். இது நரம்பணுக்களில் சேமித்து வைத்த டோபமைனையும் நார்அட்ரினலினையும் வெறுமையாக்கிவிடும்.

1957-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காதுகளைத் தொங்கவிட்டு, அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோப்பாவை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் காதுகளை நிமிர்த்தி எழுந்து உலவத் தொடங்கின! இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மற்ற இருவருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

டோபமைனையே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஒரு தடை உண்டு. நம் விடுதி வாயிலில் காவலர் எல்லாரையும் உள்ளே விடுவதில்லை அல்லவா? அதுபோல் டோபமைனுக்கு அங்கே அனுமதி இல்லை. டோப்பா உள்ளே போகலாம். போனபின் மூளையே அதை டோபமைன் ஆக்கிக்கொள்ளும்.

அசையாமல் கிடந்த அந்த முயல்கள் ஒரு மனித நோயை நினைவூட்டின. கை நடுங்குதல், தசை விறைத்தல், அசைவு மந்தமாதல் ஆகியவற்றைக் கொண்ட அந்நோயை 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்திருந்தார். 1960-இல் வியன்னாவில் ஹார்னிக்கியேவிச் என்னும் அறிஞர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-இல் அமெரிக்காவில் டாக்டர் ஜார்ஜ் கோட்சியாஸ் டோப்பாவைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி வாய்வழியே கொடுத்து நோயாளிகளை நடமாட வைத்தார்.

இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் டோப்பா இயற்கையாகவே இருக்கிறது. 1937-இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதினர். ஆனால் மருத்துவரைக் கேளாமல் அவ்விதையை யாரும் உண்ணக் கூடாது. அளவு மீறினால் தீங்கு நேரும்.

எங்கள் அம்மாச்சி

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்மாச்சிக்கு விரல்கள் உருளத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆயின. பிறகு நடை சிறிதாயிற்று. முகத்தில் சிரிப்பு குறைந்தது. "அத்தை என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை" என்று அப்பா வருந்தினார்கள். என் பெரியம்மாவுக்கு அம்மாச்சி எழுதும் கடிதங்களில் எழுத்து வரவரச் சிறுத்துக் கடுகு போல் ஆயிற்று. "தாளை மிச்சம் பிடிக்கிறாங்க" என்று நாங்கள் சிரித்தோம். காப்பி டம்ளரை எடுக்கும்போது கை நடுக்கம் நின்றுவிடும். "பார்த்தியா, வேண்டும்போது நிற்கிறதே!" என்று அம்மாவே ஒருநாள் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிவிட்டது. அம்மாச்சி அறை வாசற்படியில் வந்து, கால் தரையோடு ஒட்டியது போல் நின்றுவிட்டார்கள். "வாங்க அம்மாச்சி, வேணும்னே நிக்கிறீங்களா?" என்று கத்திக் கையைப் பிடித்து இழுத்தேன். கை மேலும் நடுங்கியது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. "என்னால முடியலடி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்கள்.

சிஸ்டர் சொன்னபடி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அது பார்க்கின்சன் நோய்தான் என்றார் அவர். நாங்கள் பிடிவாதம், கோபம், கஞ்சத்தனம், நடிப்பு என்று எண்ணிய ஒவ்வொன்றையும் அவர் அந்நோயின் அறிகுறியாகவே வரிசையாகச் சொன்னார். முகத்தின் தசைகள் மந்தமாவதால் சிரிப்பு தெரிவதில்லை. எழுத்து சிறுக்கும். இந்த நடுக்கம் கை ஓய்வாக இருக்கும்போது வரும். வேலை செய்யும்போது குறையும். வாசற்படியில் கால் உறைந்து நிற்கும். இவை வெளியே தெரியும் முன்பே கரும்பொருளின் அணுக்கள் பெருமளவு அழிந்திருக்கும் என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்கள்.

எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அவசரப்படுத்தினால் அம்மாச்சிக்கும் அச்சம் வரும். அச்சம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அப்போது அந்த நடுக்கம் இன்னும் கூடும். அன்று நான் இழுத்தபோது கை மேலும் நடுங்கியதற்குக் காரணம் நானே.

இப்போது அம்மாச்சி டோப்பா மாத்திரை உண்கிறார்கள். மூளையை அடையும் முன்பே அது வீணாகாதபடி கார்பிடோப்பா என்னும் துணை மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது. உணவுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். ஏனெனில் பருப்பும் மீனும் தரும் அமினோ அமிலங்கள் டோப்பாவோடு போட்டியிட்டு வழியை அடைத்துக்கொள்ளும். மணி பார்த்து மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. இம்மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. சில மணி நேரம் கைகால்களை எளிதாக்குகிறது. அதுவே பெரிது.

வாசற்படியில் கால் உறையும்போது கண்ணுக்கு ஓர் அடையாளம் இருந்தால் கால் எழும் என்று மருத்துவர் சொன்னார். ஆகவே படியருகே ஓர் அடி இடைவெளியில் சுண்ணக்கட்டியால் நான்கு கோடுகள் வரைந்து வைத்தேன். அம்மாச்சி ஒவ்வொரு கோடாகத் தாண்டி வெளியே வந்தார்கள். "பாண்டி ஆட வச்சிட்டியேடி" என்றார்கள். முகம் சிரிக்கவில்லை, ஆனால் அவர்கள் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

முடிவுரை

உண்ணும் பருப்பிலிருந்து ஒரே வழியில் செய்யப்படும் இரு பொருள்கள்: ஒன்று ஆபத்தில் நம்மை ஓட வைக்கிறது, மற்றொன்று அன்றாடம் நம்மை எழுந்து நடக்க வைக்கிறது. ஆகவே தோழியரே, மேடையில் நடுங்கினால் வெட்கப்படாதீர்கள். அது உங்கள் உடல் உங்களுக்குத் தரும் வலிமை. பெற்றோர்களே, வீட்டில் முதியவர் ஒருவர் மெதுவாக எழுந்தாலோ, சிரிக்க மறந்தாலோ, விரல்கள் தாமே உருண்டாலோ கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வாண்டுப் போட்டிக்குப் புறப்படும் முன் ஆசி கேட்டு அம்மாச்சியின் கையைப் பிடித்தேன். என் கையும் நடுங்கியது. அவர்கள் கையும் நடுங்கியது. "உனக்குமா?" என்றார்கள். "ஆமாம் அம்மாச்சி, ஆனால் என்னுடையது ஐந்து நிமிடத்தில் போய்விடும்" என்றேன். மேடையில் ஒரு நிமிடம் பேசாமல் நின்று மூச்சு விட்டேன். பிறகு தொடங்கினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடைசி வரி வரை பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.